படித்துறையில் விட்ட வேட்டி

என் மேசையில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் துணி இருக்கிறது. முன்பு அது யாரோ ஒருவருடைய வேட்டி. காற்றுப் புகாத உலையில் சுட்டுக் கரியான பிறகும் நெசவு கலையவில்லை. கரை ஓடிய இடம்கூடத் தெரிகிறது.

அம்மா ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் படித்துறையில் துப்புரவு வேலை பார்த்தாள். காரியம் முடித்துக் காவிரியில் முழுகுகிறவர்கள் உடுத்தியதை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஈரத் துணிகளைக் கழியால் இழுத்து, கையால் அள்ளிக் குவிக்க வேண்டும். சாப்பாட்டுத் தூக்கோடு நான் போனால் மேல்படியிலேயே நிறுத்திவிடுவாள். "அங்கயே நில்லு. இதைத் தொடக்கூடாதுன்னுதான் உன்னை ஸ்கூலுக்கு அனுப்புறேன்." எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதை அடக்கிச் சொல்லும் பழக்கம் எனக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை.

சாக்கடை நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும்போது சிறிது மின்சாரம் வரும். அதை வாங்கிக்கொள்ளும் மின்முனையைப் பழைய பருத்தித் துணியைச் சுட்டே மலிவாகச் செய்யலாம் என்பது என் ஆராய்ச்சி. துணி என்றதும் படித்துறைதான் நினைவுக்கு வந்தது. அங்கே விடும் வேட்டிகள் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். "ஏண்டி, இதுக்கா இவ்வளவு படிச்சே? சொல்லியிருந்தா நானே அப்பவே வேலைல சேத்துவிட்டிருப்பேனே."

சில நாள் கழித்து ஒரு காலை, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, என் கல்லூரி ஆய்வகத்துக்கே வந்து நின்றாள். பை நிறைய வேட்டி. வெந்நீரில் அவித்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மடித்திருந்தாள்.

"கஞ்சி எதுக்கும்மா?"

"காலேஜுக்கு வர்ற துணி, கசங்கியா வரும்? கிளவுஸ் போட்டுத்தான் தொடணும், சொல்லிட்டேன்."

அவளுக்கு வேலையில் யாரும் கையுறை கொடுத்ததில்லை. நான் போட்டுக்கொண்டு கஞ்சியை அலசினேன்.

சாக்கடை நீரில் கரித்துணியை இறக்கிய ஜாடிகளை இணைத்துச் சின்னச் சிவப்பு விளக்கை எரியவிட்ட அன்று அவளை அழைத்திருந்தேன். விளக்கை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். மிஞ்சிக் கிடந்த இந்தத் துண்டை எடுத்து விரலால் தேய்த்தாள், மோந்தாள்.

"வெறும் கரிதான்," என்றாள். அப்புறம் என் கையிலிருந்த கையுறையைப் பார்த்தாள். "அதைக் கழட்டு. இனிமே நீ தொடலாம்."

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. படித்துறையில் வேறொரு பெண் வெறுங்கையோடு அள்ளுகிறாள். என்னைப் பார்க்க வருகிறவர்கள், மேசையிலிருக்கும் இந்தத் துணி எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள். அம்மா கொடுத்தது என்று சொல்லி, பெட்டியைத் திறந்து, வெறும் விரலால் எடுத்துக் காட்டுகிறேன்.