எண்பத்திரண்டு டிகிரியும் முருகேஸ்வரியின் கண்ணாடியும்

எண்பத்திரண்டு டிகிரி. மறையூர் ஜீப் ஸ்டாண்டில் பொன்ராஜிடம் பேச்சுக் கொடுத்த யாரும் இந்த எண்ணைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கிற சின்னக் குழலை ஐபீஸ் என்பார்கள். அவர் வைத்திருக்கும் ஐபீஸ் அத்தனை அகலமாக வானத்தை விரித்துக் காட்டும் என்பது கணக்கு.

"மத்ததெல்லாம் பைப்புக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி இருக்கும். இது ஜன்னல்" என்பார்.

பகலில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிற பொன்ராஜ், மூடப்போன ஒரு விடுதியிலிருந்து எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். சனிக்கிழமை இருட்டியதும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். மனைவி முருகேஸ்வரி அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். கூட வேலை செய்கிற பெண்கள் வரிசை கட்டுவார்கள். குனிவார்கள், கண்ணை வைப்பார்கள், "பாத்தாச்சு, நல்லாருக்கு" என்று சொல்லி நகர்வார்கள். கொழுந்துச் சாக்கை எடை போடுகிற இடத்திலும் அவர்கள் இப்படித்தான். அங்கே ஒருத்தி சுணங்கினால் பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் முதுகு வலி. அதனால் லயம் முழுக்க அரை மணியில் வானத்தைப் பார்த்து முடித்துவிடும். அந்த வேகத்தில் பொன்ராஜுக்குப் பெருமைதான்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தொலைநோக்கிக் குழாயின் மேலே இருக்கிற குட்டித் தொலைநோக்கியை வைத்துக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குக் குறி பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஜீப் கேட்டு யாரோ போன் செய்தார்கள். ஐபீஸில் தான் ஒரு தடவை பார்க்காமலே வரிசையை விட்டுவிட்டார். எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் நல்லாருக்கு என்றார்கள். எடுத்து வைக்கும்போதுதான் கவனித்தார்: பெரிய குழாயின் வாய்மூடி கழற்றப்படவே இல்லை.

வீட்டுக்குள் முருகேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"முருகேசு, இன்னைக்கு என்ன பாத்த?"

"அதான், வானம்."

"வானத்துல என்ன?"

"எப்பவும் பாக்குறதுதான்."

"எப்பவும் என்ன பாப்ப?"

முருகேஸ்வரி கையிலிருந்த வெங்காயத்தை வைத்தார். "இருட்டு. அதுக்குள்ள என் கண்ணு ரெப்பை. ஒவ்வொரு சமயம் ஒரு வெளிச்சம் வரும், புடிக்கிறதுக்குள்ள ஓடிரும்."

"இம்புட்டு நாளும் அதையா நல்லாருக்குன்ன?"

"நீங்க அம்புட்டு ஆசையாக் கேக்குறீங்க. இல்லன்னு சொல்ல வாய் வருமா?"

பொன்ராஜ் மூடி விஷயத்தைச் சொன்னார். முருகேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப இன்னைக்கு லயம் பூரா என் கட்சி!"

பொன்ராஜால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் முதலில் கூப்பிட்டது இவளைத்தான். மற்றவர்கள் பார்த்தார்களோ இல்லையோ, இவள் பார்த்தாள் என்று நம்பியிருந்தார். "இனிமே என்னையக் கூப்பிடாதீங்க, என் கண்ணுக்கு அது லாயக்கில்ல" என்று சொல்லிவிட்டு முருகேஸ்வரி அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். சித்திரை தாண்டினால் கார்த்திகைக் கூட்டம் சாயங்கால வானத்தில் இருக்காது. பிறகு மழை. அதற்குள் ஒரு தடவையாவது முருகேஸ்வரி பார்த்தாக வேண்டும்.

மறுநாள் அவளுடைய தடித்த மூக்குக்கண்ணாடியை ஐபீஸின் மேல் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது. அந்த ஐபீஸில் முழு வானமும் தெரிய வேண்டுமென்றால் இமை உரசுகிற அளவுக்குக் கண்ணைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். கண்ணாடி குறுக்கே இடிக்கும். கழற்றினால் முருகேஸ்வரிக்கு ஒன்று இரண்டாகத் தெரியும். ஜன்னல் பெரிதுதான், அவளை அதன் பக்கத்தில் விடவில்லை. எண்பத்திரண்டு பற்றி ஊரெல்லாம் சொன்னவர், கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கோயம்புத்தூரில் கண்ணாடி வாங்கலாம் என்று சொல்லித்தான் அவளை உடுமலைப்பேட்டை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற்றினார். இறங்கியது தொலைநோக்கிக் கடையில். முருகேஸ்வரி முறைத்தார்.

கடைக்காரர் மாடியில் ஒரு தொலைநோக்கியை நிறுத்தி, தெருக்கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பினார். "இதுல எல்லாமே தலகீழாத்தான் தெரியுமுங்க. பயந்துக்காதீங்க." முதலில் நூறு டிகிரி ஐபீஸைப் போட்டார். உள்ளங்கையை நிறைக்கிற கனம்.

"பாத்தாச்சு" என்றார் முருகேஸ்வரி, உடனே.

"என்ன பாத்த?" என்றார் பொன்ராஜ்.

முருகேஸ்வரி கழற்றிய கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவது அறுபத்தெட்டு டிகிரி. கடைக்காரர் அதன் ரப்பர் விளிம்பை மடித்துவிட்டு, "கண்ணாடியோடவே பாருங்கக்கா. கிட்டப் போக வேண்டாமுங்க" என்றார். அதை எடுக்க பொன்ராஜுக்கு மனசே இல்லை. ஸ்டாண்டில் இனி என்ன எண்ணைச் சொல்வது?

முருகேஸ்வரி குனிந்தார். நிமிரவில்லை.

"ஒரு காக்கா தலகீழா நடக்குது" என்றார். "வாயில கம்பித் துண்டு. ஐயோ, போட்டுருச்சு. திரும்ப எடுக்குது."

வெறும் கண்ணுக்கு அங்கே காக்கையே தெரியவில்லை. வட்டம் ஓரம்வரை தெரிகிறதா என்று கடைக்காரர் கேட்டதற்கு, "தொட்டியோட ஏணி, அந்தப் பக்கம் ஒரு சேல காயுது" என்றார் முருகேஸ்வரி. பின்னால் காத்திருந்த கல்லூரிப் பையன் தொண்டையைச் செருமினான்.

"இருப்பா" என்றார் முருகேஸ்வரி.

அறுபத்தெட்டையே வாங்கினார்கள்.

சனிக்கிழமை வாய்மூடியை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டிவிட்டு, பொன்ராஜ் முருகேஸ்வரியைக் கூப்பிட்டார். அவர் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வரிசையில் அடுத்து நின்றது பக்கத்து வீட்டு அழகுத்தாய்.

"மதினி, பாத்தாச்சா?"

"இல்ல."

அழகுத்தாய் கால் மாற்றி நின்றார். "மதினி, பின்னால லயமே நிக்குது."

"எண்ணிக்கிட்டிருக்கேன், சும்மா இரு. கார்த்திகை ஆறுன்னு எவன் சொன்னது? உப்ப அள்ளிக் கொட்டுன மாதிரி கெடக்கு. ஓரத்துல சின்னதா மூணு ஒரே வரிசையா நிக்குது." பிறகு குரல் தாழ்ந்தது. "ஏங்க, இதத்தான் வாராவாரம் கேட்டீங்களா?"

பொன்ராஜ் தலையை மட்டும் ஆட்டினார். குனிந்திருந்தவருக்கு அது தெரிந்திருக்காது.

அதன்பிறகு அழகுத்தாயும் சீக்கிரம் விடவில்லை. ஒவ்வொருவரிடமும் பொன்ராஜ் என்ன தெரிகிறது என்று கேட்டார், அவர்களும் தெரிகிறவரை நகரவில்லை. பாதி வரிசை மிச்சம் இருக்கும்போதே மேகம் ஏறி வானத்தை மூடிவிட்டது. பார்க்காமல் திரும்பியவர்கள் வரும் சனிக்கிழமை முன்னால் நிற்பார்கள்.