மூன்றாவது கவர்

பிரிட்ஜ் மேல் கிடந்த பட்டன் போன் அடித்தபோது, வீட்டில் இருந்த இரண்டு பேருக்குமே அது என்ன சத்தம் என்று புரியவில்லை. தொட்டிக்காரர் குக்கரைப் பார்த்தார். அவர் மனைவி வாசலைப் பார்த்தாள். அந்த போனை வாங்கிப் பதினாறு வருஷம் ஆகிறது. மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு, தூசி தட்டி வைப்பதோடு சரி. அதில் இதுவரை யாரும் கூப்பிட்டது கிடையாது. யாரும் கூப்பிடப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் அந்த நம்பரையே வாங்கியிருந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் விளங்கும். தொட்டிக்காரர் ஊராட்சி அலுவலகங்களுக்குச் சாமான் விற்பவர். தெருவிளக்கு, தண்ணீர்க் குழாய்க்கு வால்வு, ப்ளீச்சிங் பவுடர், ரசீதுப் புத்தகம், கூட்டத்துக்கு மடக்கு நாற்காலி, எது கேட்டாலும் கொண்டு போய் இறக்குவார். முதன்முதலில் விற்றது குப்பைத்தொட்டி. அதனால் நாற்பது ஊராட்சிகளிலும் அவருக்குத் தொட்டிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டின் முன்னறைதான் கடை, ஆபீஸ், குடோன் எல்லாம். சோபாவில் உட்கார வேண்டுமென்றால் முதலில் நாலு விளக்குப் பெட்டியை இறக்கி வைக்க வேண்டும்.

ஊராட்சி எதை வாங்குவதானாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டு, குறைந்த விலை சொன்னவரிடம் வாங்க வேண்டும் என்பது விதி. விதியில் குற்றமில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு பஸ் மட்டும் போகிற ஊருக்கு மூன்று வியாபாரி எங்கிருந்து வருவான்? வருகிறவர் இவர் ஒருவர்தான். "மத்த ரெண்டு கொட்டேஷனையும் நீங்களே கொண்டாந்துடுங்க" என்று ஆபீஸில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். இவரும் கொண்டு போவார். ஒன்று அவர் பெயரில். இரண்டாவது சைக்கிள் கடை வைத்திருக்கும் மச்சான் பெயரில். மூன்றாவது மனைவி பெயரில் ஆரம்பித்த கம்பெனி. அதற்கு விலாசம் மாமியார் வீடு, போன் இந்தப் பட்டன் போன்.

நடிப்பில் அவர் குறை வைத்ததே இல்லை. தன் கொட்டேஷனில் நீல மையில் கையெழுத்து, மச்சானுடையதில் கறுப்பு, மனைவியுடையதில் பச்சை. ஒரு கவருக்குப் பசை, ஒன்றுக்குப் பின், ஒன்றுக்கு டேப். மச்சான் கொட்டேஷனில் மட்டும் எப்போதாவது கூட்டலில் ஒரு சின்னத் தப்பு விட்டு வைப்பார். அப்போதுதான் நிஜமான கடைக்காரன் போட்டது போல இருக்குமாம். மனைவி டைப் அடிப்பாள். விலை குறைவாக இருப்பது முதலில், கொஞ்சம் கூடியது அடுத்து, ரொம்பக் கூடியது கடைசியில். அதே வரிசையில், தன்னுடையது மேலே, மச்சானுடையது நடுவில், மனைவியுடையது அடியில் என்று மூன்று லெட்டர்ஹெட்டையும் அடுக்கிப் பிரின்டரில் வைத்தால் வேலை முடிந்தது.

பட்டன் போனைக் கடைசியில் மனைவிதான் எடுத்தாள். மறுமுனையில் ஓர் ஊராட்சியின் புதுச் செயலர்.

"மேடம், நூத்தி இருபது தெருவிளக்குக்கு உங்க விலைதான் குறைவு. ஆர்டர் உங்களுக்குத்தான். புதன்கிழமை உறுப்பினர்கள் கூட்டம். ஓனர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

போனை வைத்துவிட்டு அவள் கணவனைப் பார்த்தாள். "ஏங்க, நான் ஜெயிச்சுட்டேனாம்."

"நீயா? யார?"

"உங்களத்தான்."

அரை மணி நேரம் முன்னறையைத் தலைகீழாகப் புரட்டிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. எல்லாம் போன வாரம் வந்த புதுப் பிரின்டர் செய்த வேலை. அதில் தாளைக் குப்புற வைக்க வேண்டும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். தொட்டிக்காரரும் லெட்டர்ஹெட் அடுக்கை அப்படியே கவிழ்த்து வைத்திருக்கிறார். கவிழ்த்தால் மேலே இருந்தது அடியில் போய்விடும் என்று அந்த மண்டையில் உறைக்கவில்லை. குறைந்த விலை மனைவி பெயரில் அச்சாகியிருக்கிறது, உச்ச விலை இவர் பெயரில். அதைப் படித்துப் பார்க்காமல் மூன்று கலர் மையில் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கிறார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

"பேசாம போய் உண்மையச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா? இந்தச் செயலர் ரூல்ஸ் பேசற ஆளு. ஒரு ஊர்ல தெரிஞ்சா நாப்பது ஊர்லயும் தெரிஞ்சுடும். கறுப்புப் பட்டியல்ல போட்டுட்டா அப்புறம் ஒரு பல்பு கூட விக்க முடியாது."

"அப்போ நான் போகணுமா?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

புதன்கிழமை அவள் பஸ்ஸில் போனாள். தொட்டிக்காரர் கால் மணி நேரம் கழித்து வண்டியில் போனார். எதற்குப் போகிறோம் என்று வழியெல்லாம் யோசித்தும் அவருக்கே விளங்கவில்லை. தோற்றுப்போன வியாபாரிக்கு அங்கே என்ன வேலை? ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. கூட்ட அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச். அவரே விற்ற பெஞ்ச். ஒரு கால் ஆடியது. அதற்கு முன்பு அதில் அவர் உட்கார்ந்ததே கிடையாது.

செயலர் வெளியே வந்து அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "என்ன சார், இவ்ளோ பழைய ஆளு நீங்க. விலைய இப்படி ஏத்திப் போட்டா எப்படி?"

"ஆமா சார். கொஞ்சம் கூடிப்போச்சு."

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே உறுப்பினர்கள் கேள்வி கேட்பது காதில் விழுந்தது. இவளுக்கு விளக்கைப் பற்றி என்ன தெரியும், டைப் அடித்ததோடு சரி, மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று பயந்து ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"விளக்கு எத்தன வருஷம் வரும்மா?" என்றார் ஓர் உறுப்பினர்.

"அட்டையில அஞ்சுன்னு போட்டிருக்கும். நம்பாதீங்க" என்றாள். "ரெண்டாவது மழைக்கு மூடி வழியா ஈரம் எறங்கிடும். உள்ள இருக்கற ரப்பர் வளையம் சரியில்ல. மாட்டறதுக்கு முன்னாடியே வேற வளையம் போட்டுத் தரேன். உங்க பள்ளிக்கூடத் தெரு முனையில கம்பம் சாஞ்சு நிக்குது, அங்க சின்ன விளக்கு போதும். தண்ணித் தொட்டிகிட்டத்தான் வெளிச்சம் பத்தல."

தொட்டிக்காரருக்கு மண்டை காய்ந்தது. ரப்பர் வளையமா? பள்ளிக்கூடத் தெருவா? இந்த ஊருக்கு அவள் இன்றைக்குத்தானே முதல் முறையாக வந்திருக்கிறாள்! பிறகு மெதுவாக ஞாபகம் வந்தது. புகார் சொல்ல யார் கூப்பிட்டாலும் "வண்டி ஓட்டிட்டிருக்கேன், வீட்டு லேண்ட்லைனுக்குப் பேசுங்க" என்று தள்ளிவிடுவது அவர் பழக்கம். பதினாறு வருஷமாக நாற்பது ஊரின் திட்டையும் வாங்கியவள் அவள். எந்த ஊரில் எந்தக் கம்பத்தில் எது எரியவில்லை என்று அவளுக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் எந்த ஆபீஸில் யாருக்கு எப்படி வணக்கம் போட வேண்டும் என்பது மட்டும்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்தார்.

கையெழுத்து முடிந்து அவள் செயலரோடு வெளியே வந்தாள். செயலர் குஷியாக இருந்தார். "பாத்தீங்களா சார், வியாபாரம்னா இப்படி இருக்கணும். ஆமா, இவங்கள உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மிஞ்சிப்போனால் ஒரு விநாடி ஆகியிருக்கும். நாற்பது ஊரும் அந்த விநாடியில் அவர் கண்முன் வந்து போயின.

"தெரியாதுங்க" என்றார் தொட்டிக்காரர்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு செயலரிடம் திரும்பி, "நானும் இவர இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்ப் பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்றாள். வண்டியில் அவளுக்கு இடம் இருந்தது, ஏற்றிக்கொள்ள முடியவில்லை. பஸ் வந்ததும் அவள் ஏறினாள். பஸ்ஸுக்குப் பின்னாலேயே புகையைக் குடித்தபடி பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டினார்.

வீட்டில் அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லிச் சமாளித்திருப்பார். சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள். பிறகு முன்னறையில் உட்கார்ந்து ரப்பர் வளையங்களை எண்ணிப் பிரிக்க ஆரம்பித்தாள். அவர் எதிரில் நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். பொய் சொன்னது பிழைப்புக்காகத்தானே? பிழைப்பு யாருக்காக? இவளுக்காகத்தானே? அப்படியென்றால் இவளையே தெரியாது என்று சொன்னது எந்தக் கணக்கில் சேரும்? எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாலும் யோசனை அந்தப் பெஞ்சில்தான் வந்து நின்றது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பட்டன் போன் மறுபடி அடித்தது. அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் எடுத்தார்.

"விளக்கம்மா இருக்காங்களா?" செயலரின் குரல். "சாமான் எத்தன மணிக்கு வரும்னு கேக்கணும்."

"மாடியில இருக்காங்க. சொல்லிடறேன்."

"சரி. நீங்க யாரு பேசறது?"

அவர் வாயைத் திறந்தார். வேலைக்காரன் என்று சொல்லலாம். பக்கத்து வீடு என்று சொல்லலாம். இத்தனை வருஷத்தில் மூன்று கலர் மையில் மூன்று ஆளாக இருந்தவருக்கு நாலாவது ஆளாக மாறுவதா கஷ்டம்? மாடிப்படியில் அவள் துணிக் குவியலோடு இறங்கி வந்து, போன் அவர் கையில் இருப்பதைப் பார்த்து, பாதிப் படியில் நின்றாள்.

"நான் அவங்க வீட்டுக்காரர்" என்றார் தொட்டிக்காரர்.

"ஓ, அப்படியா. குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?"

"கேட்டிருப்பீங்க. புதன்கிழமை உங்க பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

அந்தப் பக்கம் ஃபைலில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்போ... அந்த இன்னொரு கொட்டேஷன்?"

"மச்சான் பேர்ல. அதையும் நான்தான் போட்டேன்."

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வாங்க" என்றார் செயலர். குரலில் குஷி இல்லை. "ரெண்டு பேரும்."

போன் நின்றது. செய்தது புத்திசாலித்தனமா, பைத்தியக்காரத்தனமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆர்டர் போகுமா, நாற்பது ஊரும் போகுமா, அதுவும் தெரியவில்லை. போனைத் திரும்ப பிரிட்ஜ் மேல் வைப்பதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் மீதிப் படியையும் இறங்கி வந்து, துணியை விளக்குப் பெட்டிகளின் மேல் போட்டாள்.

"நாளைக்கு நான் எந்த பஸ்ல வரணும்?" என்றாள்.

"பஸ் எதுக்கு?" என்றார் அவர். "வண்டியிலயே போயிடலாம், ஒண்ணா."