இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிய குரல்

செண்பகா, இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். லேசாகச் சளி. மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நேற்று வீட்டுக்காரம்மாள் போனில் நீ கூப்பிட்டபோது, "யார் பேசறது?" என்று கேட்டுவிட்டேன். மதுரை, திருநெல்வேலி, செங்கோட்டை என்று எந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டில் யார் இருந்தாலும் ஒரு ஹலோவில் கண்டுபிடித்த காது இது. உன் குரல் அவ்வளவு கம்மிப்போயிருந்தது, அடையாளமே தெரியவில்லை.

மாதக்கணக்காக இப்படித்தான் என்றாய். "குசுகுசுன்னுதான் பேசுதேன், தொண்டைக்கு ரெஸ்ட் குடுக்கேன்" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

தென்காசி எக்ஸ்சேஞ்சில் நாம் பக்கத்துப் பக்கத்தில் ஆபரேட்டராக உட்கார்ந்திருந்த அந்தச் சாரல் காலம் நினைவுக்கு வந்தது...

காதில் ஹெட்செட்டின் ஈர ஸ்பஞ்ச், அதன் வியர்வை வாடை. வெளியே சாரல். லைனுக்குள்ளும் மழை பெய்வது போல ஓர் இரைச்சல்.

சீசன் வந்தால் போதும், குற்றாலத்தில் குளிக்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் வீட்டு ஞாபகம் வந்துவிடும். டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு, லாட்ஜில் ஈரத்துண்டோடு காத்து நிற்பார்கள். லைன் கிடைத்தாலும் பாதிப் பேருக்குக் கேட்காது. இவர் சொல்வதை நாம் வாங்கி அந்தப் பக்கம் கத்திச் சொல்ல வேண்டும். பிறந்தது, செத்தது, பரீட்சையில் பாஸானது எல்லாம் நம் தொண்டை வழியாகத்தான் போயிற்று.

அந்த ஆடியில்தான் என் குரல் போனது. எனக்கோ நிரந்தரமாகாத வேலை. லீவு போட்டால் மறுபடி கூப்பிடுவார்களோ, மாட்டார்களோ... மிளகையும் பனங்கற்கண்டையும் வாயில் அடக்கிக்கொண்டு, ரகசியம் சொல்வது போலப் பேசிப் பேசி ஓட்டினேன். நம் போர்டில் எல்லோருக்கும் அதுதானே வைத்தியம்!

அப்போது ஒரு குற்றாலத்துக் கால். மதுரைக்காரர். வீட்டுச் சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு அருவிக்கு வந்துவிட்டார். வெளியூர் போயிருந்த மனைவி திரும்பி வந்து, பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுப் போனில் நிற்கிறார். இன்னொரு சாவி எங்கே இருக்கிறது என்று அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தம்மாளுக்குக் கேட்கவில்லை. சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். காற்றோடு ஒரு கீச்சுச் சத்தம்தான் வந்தது.

"யாரு, சின்னப் பிள்ளையா லைன்ல?" என்றார் அந்தம்மாள்.

நீ எட்டி என் ஹெட்செட்டைப் பிடுங்கினாய். "ஏட்டி, தள்ளு அங்கன! என்னன்னு சொல்லுதாரு?" கேட்டுவிட்டு ஒரே கத்தல்: "அம்மா, கோழிக்கூட்டுக்குள்ள இருக்காம்! கொல்லையில, கோழிக்கூட்டுக்குள்ள சாவி!"

சூப்பர்வைசர் அண்ணாச்சி பேப்பரை இறக்கினார். "இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லு தாயி. மதுரைக் களவாணிக எல்லாத்துக்கும் கேக்கட்டும்."

"நீங்க வந்து கத்துங்க அண்ணாச்சி, நான் பேப்பர் படிக்கேன்."

அறையே சிரித்தது. எனக்குச் சிரிக்கக்கூடச் சத்தம் வரவில்லை.

அன்றிலிருந்து சீசன் முடியும் வரை நான் போர்டில் லைன் ஒயரைச் செருகும் வேலையை மட்டும் பார்த்தேன். என் பேச்சையும் சேர்த்து நீ பேசினாய். அண்ணாச்சி பார்த்தும் பாராதது போல இருந்தார்.

பாளையங்கோட்டை டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடி விட்டுப் பார்த்து, குரல் நாணில் முடிச்சு என்றார். "கத்துறதைவிடக் குசுகுசுன்னு பேசுறது கெடுதல். வாயே திறக்கக் கூடாது" என்றார். நான் சிலேட்டில் எழுதி உன்னிடம் காட்டினேன். "அவரு ஒரு சீசன் நம்ம போர்டுல உக்காந்துட்டுச் சொல்லட்டும்" என்று நீ சிரித்தாய். நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். குரல் திரும்பியது.

இப்போது எஸ்.டி.டி. வந்துவிட்டது. நான் இங்கே மெட்ராஸில் நின்று எண்ணைச் சுழற்றினால் தென்காசி. நடுவில் யாரும் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். நல்லதுதான். நடுவில் சிரிக்கவும் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்... ஆனால் எஸ்.டி.டி. இன்னும் வராத ஆய்க்குடிப் பக்கம், திருவேங்கடம் பக்கம் என்று நீ இன்னும் கத்திக்கொண்டுதானே இருக்கிறாய்.

முடிச்சாக இருந்தால் சரியாகிவிடும் செண்பகா. வேறு எதுவாகவும் இருக்கக் கூடாது. எனக்கு வந்தபோது சில வாரம்தான் பொறுத்தேன். நீ மாதக்கணக்கில் விட்டிருக்கிறாய்.

இந்த வாரமே பாளையங்கோட்டைக்குப் போ. எனக்கு போன் செய்யாதே, யாரிடமும் பேசாதே. டாக்டர் சொன்னதை ஒரு தபால் கார்டில் எழுதிப் போடு. சீக்கிரம் பதில் எழுது.