சிர்கோனியத்தைத் தின்ற அலுமினியம்

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சின்ன வார்ப்புப் பட்டறையில் எனக்கு முதல் வேலை. மெக்னீசியத்தை உருக்கி கியர் பெட்டிகளுக்கு மூடி வார்ப்போம். அங்கே உலோகவியல் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் நிறையவே இருந்தது.

வெறும் மெக்னீசியத்தை வார்த்தால் பலம் போதாது. கொஞ்சம் அலுமினியம் சேர்த்தால் இறுகும். இன்னொரு வகைக்குத் துத்தநாகமும் சிர்கோனியமும் சேர்ப்போம். சிர்கோனியம் இருந்தால் உலோகம் உறையும்போது உள்ளே உருவாகும் படிக மணிகள் பொடிப்பொடியாக விழும். மணி சிறுத்தால் பலம் கூடும். ஆனால் அந்த உலையில் அலுமினியம் கலந்துவிடக் கூடாது. அது சிர்கோனியத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்ப் படிந்துவிடும். அதனால் வார்ப்பில் வெட்டிய மிச்சத் துண்டுகளை இரண்டு டிரம்களில் பிரித்து, சாக்பீஸில் எழுதி வைப்போம்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகி எழுத்து அழிந்துபோயிற்று. நான் ஒரு டிரம்மைக் காட்டி, "சிர்கோனிய உலைக்கு இதைக் காயவைத்துப் போடுங்க" என்றேன்.

உலைக்காரருக்கு என் வயதுதான். சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வருபவர். துண்டைக் கையில் புரட்டிப் பார்த்து, "மேடம், இது அலுமினியம் போட்ட சரக்கு மாதிரி கீது" என்றார்.

"எனக்குத் தெரியாததா? போடுங்க!" என்று சிடுசிடுத்தேன். போட்டார்.

அந்த உலோகத்தில் வார்த்த சோதனைக் கம்பிகளை இழுத்தால் படபடவென்று ஒடிந்தன. ஒடிந்த இடம் கல்லுப்பு மாதிரி பெரிய பெரிய மணியாக மின்னியது. பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. முதலாளியோ உலைக்காரர்மேல் பாய்ந்தார். "சிர்கோனியம் போட்டுட்டு ஒழுங்கா கலக்கலையா நீ? இந்த வாரத்தோட நின்னுக்க."

உலைக்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சே, எவ்வளவு கேவலம்! மூன்றாம் நாள் முதலாளி அறைக்குப் போய், "அவர் சொன்னார் சார், நான்தான் கேட்கவில்லை" என்று ஒப்புக்கொண்டேன். அவர் அரை மணி நேரம் கத்தினார். ஆனால் இருவரையும் நிறுத்தவில்லை. மறுநாளே டிரம்களுக்குச் சிவப்பும் பச்சையுமாகப் பெயிண்ட் அடித்தோம்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் உலைக்காரரிடம், "முதலாளிகிட்ட ஏங்க நீங்க சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா உங்க வேலை பூடும். எனக்கு இன்னா மேடம், கடல் கீது. எங்க மாமா போட்டுல ஏறிக்குவேன். உங்களுக்கு இன்னா கீது?"

ஊரில் அப்பா படுக்கையில் கிடந்தார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாறு வருடம் கழித்து உலைக்காரர் மகளுக்குக் காதுகுத்து என்று சதுரங்கப்பட்டினம் போனேன். பந்தியில் அவர் மனைவி மீன் குழம்பு ஊற்றினார். பேச்சுவாக்கில், "இவரு மாமா போட்டுல முன்னாடி போவாராமே?" என்றேன்.

அந்த அம்மாள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இவரா? இவரு அப்பா கடல்ல செத்துப் போனதுலேர்ந்து இது தண்ணியில காலே வைக்காது. மாமாகிட்ட போட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. பட்டறை ஒண்ணுதான் எங்களுக்கு."

பந்தியின் கோடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த அவரைப் பார்த்து, இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே எச்சில் கையோடு கும்பிட்டேன்.