ஒக்கூர்க்காரி பெயர் லிஸ்டில் இல்லை

கல்யாணமாகி வந்து பதினெட்டு வருஷம் ஆகியும் என் ஓட்டு பிறந்த ஊரான ஒக்கூரில்தான் இருந்தது. சோம்பேறித்தனத்தால் மாற்றாமல் விட்டேன் என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மை வேறு. தேர்தல் வந்தால் அம்மா வீட்டுக்குப் போக நான் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஜனநாயகக் கடமை என்று சொல்லிவிட்டால் மாமியாரால்கூட மறுபேச்சுப் பேச முடியாது. காலையில் பஸ் ஏறிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, அம்மா வைத்த கோழிக்குழம்பைச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, மறுநாள் விரல் மையோடு வந்து இறங்குவேன். சட்டசபையைக் கலைக்கப் போகிறார்கள் என்று டிவியில் பேச்சு வந்தால் வீட்டில் எனக்கு மட்டும் முகம் மலர்ந்துவிடும்.

அந்த ஓட்டை இங்கே மாற்ற வைத்தது ஒரு குழாய். எங்கள் ஊர் கல்லலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் தெரு நீளமான தெரு. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் பாதித் தெருவோடு நின்றுவிடும். கடைசியில் இருக்கிற நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய், அவர்கள் பிடித்து முடிக்கிறவரை காத்திருக்க வேண்டும். கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கோபம் வந்தால் என் குரல் கண்மாய்க்கரை வரைக்கும் கேட்கும். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "மெம்பர் பேச வேண்டியத நீங்க எதுக்குப் பேசுறீக? எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சு வந்து பேசுங்க" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

"நின்னாப் போச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

விசாரித்தபோது, இந்த ஊர்ப் பட்டியலில் ஓட்டு இருந்தால்தான் இந்த ஊரில் நிற்கலாம் என்றார்கள். எங்கள் பக்கம் வாக்காளர் பட்டியல் வேலை பார்ப்பது அங்கன்வாடி டீச்சர். அவர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, "இங்க ஏத்துனா ஒக்கூர்ல எடுத்துருவாக. பரவாயில்லயா?" என்று கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குப் போனில் அம்மா கேட்டாள், "இனிமே எந்தச் சாக்குல வருவ?" குழம்பு கொதிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அந்த முறை எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். என்னை எதிர்த்து நின்றவள் இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள். தங்கமான பெண், பொய் சொல்லக் கூடாது. ஊரே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். வாக்கப்பட்டு வந்த எங்கள் கதை வேறு. எங்களுக்குப் பிறந்த ஊர்தான் பெயர். என் மாமியாரில் தொடங்கி மளிகைக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் நான் ஒக்கூர்க்காரி. என் வீட்டுக்காரருக்கு மட்டும் "இந்தா". பக்கத்து வீட்டுக்காரி கல்லல்காரி. பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதற்குள் கல்லல் வந்துவிடும், இருந்தாலும் அவள் கல்லல்காரிதான். இதில் எங்களுக்கு மனக்குறை எதுவும் இருந்ததில்லை. சொந்த ஊரை யாராவது தினமும் ஞாபகப்படுத்துவது நல்லதுதானே என்றுகூட நினைத்திருக்கிறேன்.

மனுத்தாக்கல் முடிந்து, இறுதிப் பட்டியலைச் சின்னங்களோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். எனக்குச் சீப்பும் என்னை எதிர்த்து நின்றவளுக்குப் பூட்டும் கிடைத்திருந்தன. அன்று மத்தியானம் கல்லல்காரி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ஏத்தா ஒக்கூர்க்காரி, மோசம் போயிட்டோம். ஒன் மனுவத் தள்ளிட்டாக."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? செவுத்துல ஒட்டியிருக்கத நானே படிச்சிட்டு வாரேன். நம்ம வார்டுக்கு ரெண்டே பேருதான். ஒண்ணு அந்த ஊர்ப்பொண்ணு. இன்னொண்ணு யாரோ ஒருத்தி, கேள்விப்பட்ட பேராவே இல்ல. சீப்புச் சின்னமாம். எங்குட்டு இருந்து வந்து எறங்குனாளோ."

சொல்லிவிட்டு அந்த ஒருத்தியின் பெயரையும் சொன்னாள். அது என் பெயர்.

"அது நாந்தான்" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? ஒனக்கு இந்தப் பேரா?" என்றாள். இத்தனை வருஷம் நான் அவளிடம் எதையோ ஒளித்து வைத்திருந்த மாதிரி இருந்தது அவள் கேட்டது.

கல்லல்காரிக்கு விளங்கியது ஊருக்கு விளங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஒக்கூர்க்காரி மனு தள்ளுபடி என்று செய்தி பரவிவிட்டது. டீக்கடையில் என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டி, "விடுங்கப்பா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அவரும் என்ன ஏதென்று கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். அதைவிட மோசம், நான் எதிர்த்தரப்போடு பேசி முடித்துக்கொண்டு விலகிவிட்டேன் என்றும் ஒரு பேச்சு. அதைக் கேட்டதும் எனக்கு உச்சி முதல் பாதம் வரை கொதித்தது. இப்படியே ஓட்டு நாள் வந்தால் எனக்குப் போட நினைத்தவர்கள்கூடச் சீப்பைப் பார்த்து, யாரோ ஒருத்தி என்று தாண்டிப் போய்விடுவார்கள். ஒக்கூர் ஓட்டையும் விட்டுவிட்டு, இங்கேயும் தோற்று, அடுத்த கிராமசபையில் எந்த முகத்தோடு எழுந்து பேசுவது? அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது.

தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு நிறையத் தயார் செய்து வைத்திருந்தேன். அதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, வாசல் வாசலாகப் போய் என் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன். "நாந்தான் ஒக்கூர்க்காரி. எம் பேரு இதுதான். மனுவத் தள்ளல. சீப்பு என்னோட சின்னம்." கல்லல்காரி நிஜச் சீப்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி சாட்சிக்குக் கூடவே வந்தாள். ஒரு பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரித்தா, ஒனக்கே போடுறேன். ஆனா ஒக்கூர்க்காரி யாருக்குச் சப்போட்டுன்னு சொல்லலையே" என்றார். கல்லல்காரி தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து விளக்கினாள்.

மூன்றாவது தெருவில் கீழச்சிவல்பட்டிக்காரி வீடு. மாவு அரைத்துக்கொண்டிருந்தவள், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நான் கேட்காமலே தன் பெயரைச் சொன்னாள். அழகான பெயர். "நல்லாருக்கே" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்து, "எங்க அய்யா வச்சது" என்றாள். அதற்குப் பிறகு போன வீடுகளிலும் இப்படித்தான். நான் என் பெயரைச் சொன்னால் அவர்கள் பதிலுக்குத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். சிலருக்குச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. ஓட்டுப் போடுகிறேன் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. குழாயைக்கூட மறந்துவிட்டு அந்த நாட்களில் நான் சந்தோஷமாகச் சுற்றினேன்.

கடைசி நாள் பிரசாரம் முடிந்து திரும்பும்போது கல்லல்காரி, "எம் பேர மட்டும் நீ கேக்கவே இல்லையே" என்றாள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள் நாங்கள். கேட்டேன். சொன்னாள். நடுத்தெருவில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணும் கலங்கியது.

ஓட்டு எண்ணியது கல்லலில், ஒரு பள்ளிக்கூடத்தில். கல்லல்காரிதான் என் ஏஜென்ட். "எங்க ஊருக்கு வந்திருக்க, பயப்படாம இரு" என்று அவள் அதட்டினாள். பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக் கட்டினார்கள். சீப்புக் கட்டும் பூட்டுக் கட்டும் ஒரே உயரமாக இருந்தன. பார்க்க முடியாமல் நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறையும் எண்ணினார்கள்.

பிறகு அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தாளைத் தூக்கிப் பிடித்து, வார்டு எண்ணை வாசித்தார். பதினோரு ஓட்டு வித்தியாசம் என்றார். ஜெயித்தவர் என்று இனிஷியலோடு ஒரு பெயரை வாசித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் உரக்க இரண்டாம் தடவை வாசித்தார். அத்தனை வாசலிலும் அந்தப் பெயரைச் சொன்னது நான்தான். ஆனால் வாக்கப்பட்டு வந்த பிறகு அதைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

கல்லல்காரி விலாவில் இடித்தாள். "ஒன்னயத்தான்."

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்து நின்றேன். வாயில் தானாக வந்தது.

"உள்ளேன் ஐயா."