ஒரே பிக்கப்புக்கு இரண்டு தாள்

கிதார் ரிப்பேர் செய்பவர்கள் அவளை மீட்டரம்மா என்று கூப்பிடுவார்கள். அது முகத்துக்கு நேரே. முதுகுக்குப் பின்னால் சந்தேகப் பெட்டி. இரண்டாவது பெயரும் அவள் காதுக்கு வந்திருந்தது. அவள் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

பிறக்கும்போதே அவள் அப்படி இல்லை. இருபது வருடம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தவள். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, "எல்லாத்தையும் நானே பாத்துட்டேன்மா, நீ கையெழுத்து மட்டும் போட்டுடு" என்றார். பெரிய மனிதர் சொல்கிறாரே என்று போட்டாள். மூன்றாம் மாதம் அதில் ஒன்று வெடித்து ஒரு லைன்மேனின் கை முழங்கை வரை வெந்துபோனது. விசாரணையில் சூப்பர்வைசர், "கையெழுத்து அவங்களோடதுதானே?" என்று ஒதுங்கிக்கொண்டார். வேலை என்னவோ தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு யாராவது "நான் பாத்துட்டேன்" என்று சொன்னால் அவள் தானே இன்னொரு முறை அளந்து பார்ப்பாள்.

கம்பெனியை மூடியபோது அவளுக்கு ஒரு வழி காட்டியவர் அவளுடைய மச்சினர், தங்கையின் கணவர். பழைய எலெக்ட்ரிக் கிதார்களை வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். "அண்ணி, கிதார்ல கம்பிக்கு அடியில பிக்கப்னு ஒண்ணு இருக்கு. காந்தம், அதைச் சுத்திச் செம்புக் கம்பி, அவ்வளவுதான். அம்பது வருஷத்துப் பழசுன்னா அதுக்குத் தனி மவுசு. போலியும் எக்கச்சக்கமா வருது. நீங்க அளந்து எழுதிக் கொடுத்தா நான் தைரியமா விப்பேன்" என்றார். அப்படித் தொடங்கியதுதான். இரண்டே வருடத்தில் மற்ற கடைக்காரர்களும் அவள் வீட்டு முன்னறைக்கு வர ஆரம்பித்தார்கள்.

வந்த பொருளை உடனே தொடமாட்டாள். வெயிலில் வந்த செம்பு கூடுதலான மின்தடை காட்டும். அதனால் ஒரு மணி நேரம் மேஜையில் கிடக்கவேண்டும். கிதாரோடு வந்தால் பிக்கப்பின் ஒயரைக் கழற்றிய பிறகுதான் மீட்டரை வைப்பாள். முதலில் மின்தடை. பிறகு சுருளின் தூண்டல். கடைசியாக எந்தச் சுருதியில் அது உச்சமாகத் துடிக்கிறது என்பது. வாங்குகிறவர்கள் கேட்பதெல்லாம் மின்தடை ஒன்றைத்தான். ஆகவே தாளில் அதை மட்டும் எழுதிக் கையெழுத்திடுவாள். மற்றவை அவளுடைய நோட்டில் இருக்கும்.

சீராக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் முதல் இடறல் ஒரு கிதார் வாத்தியார் வடிவில் வந்தது. நரைத்த தாடி, மெதுவான பேச்சு. மச்சினர் கடையில் வாங்கிய பிக்கப்பையும் அவள் கொடுத்த தாளையும் மேஜையில் வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க கணக்கு தப்பாது, ஊருக்கே தெரியும். ஆனா வாசிச்சா ஏதோ இடிக்குது. என் காதுதான் கெட்டுப்போச்சோ என்னவோ."

தாளில் 6.18 கிலோ ஓம். மீட்டரும் 6.18 என்றே காட்டியது. அவருக்கு நிம்மதி சொல்லி அனுப்ப இருந்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று தூண்டலையும் பார்த்தாள். 2.09 ஹென்றி. நோட்டைப் புரட்டினாள். அவள் கைப்பட எழுதியிருந்தது 2.46.

மெல்லிய கம்பியைக் குறைவாகச் சுற்றினாலும் மின்தடையைச் சரியாகக் கொண்டுவந்துவிடலாம். தூண்டல் சுற்றுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது, அதை ஏமாற்ற முடியாது. யாரோ அவளுடைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த எண் வரும்வரை சுற்றியிருக்கிறார்கள்.

மச்சினர் மறுபேச்சுப் பேசாமல் வாத்தியாரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதுவே அவளுக்கு உறுத்தியது. கடையைத் தூக்கி நிறுத்திய மனிதர், ஏன் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை? அடுத்த மாதம் அதே வாத்தியார், அதே கதை. அப்போதும் சிரித்துக்கொண்டே பணம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவள் பார்த்ததெல்லாம் சந்தேகமாகவே தெரிந்தது. மச்சினர் கடையைப் பெரிதாக்கியிருந்தார். பின்னறையில் கம்பி சுற்றும் சின்ன இயந்திரம் ஒன்று புதிதாக வந்திருந்தது.

"இது எதுக்கு மாப்பிள்ளை?"

"அறுந்துபோன சுருளைச் சரி பண்ணத்தான் அண்ணி. எல்லாத்தையும் வெளியில கொடுத்துக் கட்டுப்படியாகுமா?"

பதில் சரியாகத்தான் இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதுபோல அவளுக்குப் பட்டது. உண்மையில் அவர் அப்போது சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

தங்கையிடம் போனில் நைசாக ஆரம்பித்தாள். "உன் வீட்டுக்காரர் இப்பல்லாம் லேட்டாவா வர்றார்?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"நீ சும்மா கேக்கிற ஆளா? அக்கா, எதையோ மனசுல வெச்சுக்கிட்டுப் பேசுற. சொல்றதை நேரா சொல்லு."

சொல்லிவிட்டாள். "உனக்குச் சோறு போட்ட தொழிலைக் கொடுத்த மனுஷன்" என்று மட்டும் சொல்லி, தங்கை போனை வைத்தாள்.

வாத்தியார்மேல் மட்டும் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. பாவம், இரண்டு முறை ஏமாந்தவர். அதுவும் ஒவ்வொரு முறையும், "உங்களை மாதிரி ஒருத்தர் இல்லைன்னா எங்க கதி என்னம்மா?" என்பார். யாரையும் நம்பாதவளுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

வாத்தியார் மூன்றாவதாக ஒரு பிக்கப் கேட்டிருந்தார். மச்சினர் அளக்கக் கொண்டுவந்தார். உண்மையான எண் 5.92. அவள் முதல்முறையாகப் பொய் எழுதினாள். கடைக்கான தாளில் 5.84. வாத்தியாருக்கான தாளில் 6.03. அதை உறையில் போட்டு ஒட்டி, அவள் கையாலேயே வாத்தியாரிடம் கொடுத்தாள். இனிமேல் வாங்குகிறவருக்குத் தனித்தாள் என்று மச்சினரிடம் சொன்னாள். அவரும் சரியென்று தலையாட்டினார். போலி திரும்பி வந்தால் 5.84 என்று காட்டும், மாப்பிள்ளை கையும் களவுமாக மாட்டுவார் என்று அவள் மனதுக்குள் தீர்ப்பே எழுதி முடித்திருந்தாள். வாத்தியாருக்கு வேறு எண் எழுதியதுகூட கணக்கு முழுமையாக இருக்கட்டும் என்றுதான்.

பதினைந்து நாள் கழித்து வாத்தியார் வந்தார். "மறுபடியும் அதே இடிப்பும்மா" என்றார். மச்சினரையும் வரச்சொன்னாள். பிக்கப்பை மேஜையில் கிடத்தி, மூவரும் ஒரு மணி நேரம் மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு மீட்டரை வைத்தாள்.

6.03.

முனைகளைத் துடைத்து மறுபடி வைத்தாள். 6.03. தூண்டல் 1.98.

அவள் வாத்தியாரை நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, இந்த எண்ணு நான் உங்களுக்காகச் சும்மா எழுதினது. இந்த உலகத்துல உங்க ஒரு தாள்ல மட்டும்தான் இருக்கு. அசலோட எண்ணு இது இல்ல."

வாத்தியார் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அசல் குறைச்சலாத்தான் காட்டுச்சு" என்றார் மெல்ல. "எங்க ரூமுல ஏசி ஓடுது, அந்தக் குளிர்ல குறையுதுன்னு நினைச்சேன்." சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது அவருக்கு உறைத்தது.

மச்சினர் அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். தையல் மெஷின் மோட்டாரில் செய்த சுற்றும் கருவி கட்டிலுக்கடியில் இருந்தது. போலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் வைத்துக்கொண்ட அசல்களில் இரண்டு கிடைத்தன. ஒன்று ஏற்கெனவே கைமாறியிருந்தது. போலீஸ் வேண்டாம் என்று வாத்தியார் கெஞ்சினார். மச்சினர், "பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற கை" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டார்.

மச்சினர் திரும்பி வந்தபோது மேஜையில் வாத்தியாரின் தாளும், கடையிலிருந்து வந்த தாளும், 5.92 என்று எழுதிய அவளுடைய நோட்டும் கிடந்தன. அவர் எடுத்துப் பார்த்தார். "இந்த ஆறு புள்ளி சைபர் மூணு அவருக்கு. சரி. அஞ்சு புள்ளி எட்டு நாலு?"

அவள் மீட்டரின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

"எனக்கா அண்ணி?"

"ஆமா மாப்பிள்ளை."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அந்தாள் ரெண்டு தடவை வந்தப்பவும் நான் ஏன் சண்டை போடலைன்னு தெரியுமா? உங்க பேர் வெளியில கெட்டுடக் கூடாதுன்னுதான். நீங்கதான் தப்பா அளந்துட்டீங்கன்னு நினைச்சேன்." குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை வீட்டுக்குப் போய், கூடத்தில் நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். "என்னைத் தொழில் யாரையும் நம்ப விடமாட்டேங்குது. அதை உங்க வீட்டுக்குள்ள கொண்டுவந்தது என் தப்பு." மச்சினர், "உக்காருங்க அண்ணி, நின்னுக்கிட்டே பேசுறதுக்கு இது என்ன கோர்ட்டா?" என்றார். தங்கை அறையைவிட்டு வெளியே வரவே இல்லை.

கடையிலிருந்து பிக்கப்புகள் தொடர்ந்து வந்தன. தாளில் இப்போது மூன்று எண்களையும் எழுதினாள். மச்சினர் பழையபடி பேசினார், சிரித்தார். தங்கை மட்டும் இரண்டு மாதம் போனை எடுக்கவில்லை. இவளும் ஒருநாள் விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் தங்கையே கூப்பிட்டாள். "இஸ்திரிப் பெட்டி ஷாக் அடிக்குது. வந்து பாரு" என்றாள். ஹலோ சொல்லவில்லை, வேறெதுவும் கேட்கவில்லை. போன் கட்டானது.

மீட்டரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டினாளா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.