முசிறியில் குத்திய கொடி

இலங்கை மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வரலாற்றுச் சங்கம் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. வரலாறு என்றால் பாடப்புத்தகத்தில் வரும் ராஜாக்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் எந்த ராஜாவும் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்த பெரிய மனிதர் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை ஒருவர்தான், அவரும் ஜீப்பில் போவார், வருவார். பிறகு எதற்கு ஒரு சங்கம் என்று அக்காவிடம் கேட்டேன். "நம்ம கதைய நாமதான்டி எழுதி வைக்கணும்" என்றாள். நம்மிடம் என்ன கதை இருக்கிறது என்று அப்போதும் விளங்கவில்லை. எனக்கு விளங்காதவற்றை இப்படிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது, மேலே போகிறேன்.

சங்கம் கூடியது பிள்ளைக்காம்பராவில். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்துவிட்டால் சங்கம் தயார். தொடங்கியவர் எங்கள் தோட்டப் பாடசாலையில் படிப்பித்த இளம் ஆசிரியர். மேல் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைதான், ஆனாலும் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'சேர்'. அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதனால் சேரின் அப்பா எனக்கு ஸ்டோர் மாமா. அப்பாவும் அவரும் ஒன்றாகப் போவார்கள், ஒன்றாக வருவார்கள், ஒரு பிளேன்டீயை இரண்டாக ஊற்றிக் குடிப்பார்கள்.

சங்கத்துக்கு வீட்டிலுள்ள பழைய சாமான்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு எல்லோரையும் கூப்பிட அடித்த பழைய தப்பு மேளம் வந்தது. பிடி தேய்ந்த கவ்வாத்துக் கத்தி வந்தது. ஒருவர் போன மாதம் பழுதான ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து, திருத்திக் கொடுப்பீர்களா என்று கேட்டார். சாமான் இல்லாதவர்கள் நினைவுகளைக் கொண்டுவந்தார்கள். அதற்கு சேர் ஒரு சட்டம் போட்டிருந்தார். பெரியவர்கள் பேசும்போது யாரும் குறுக்கே மறுக்கக்கூடாது, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். "அவங்க வாயில வர்றதுதாங்க நம்ம சரித்திரம். திருத்துறதுக்கு நாம யாரு?" என்பார். அந்தச் சட்டத்தின் தைரியத்தில் கீழ் லயத்துக் கிழவர் ஒருவர் தான் விரட்டிய சிறுத்தையை வாரத்துக்கு வாரம் நீட்டிக்கொண்டே போனார். அக்கா முகத்தில் சிரிப்பே காட்டாமல் எழுதிக்கொண்டாள்.

அக்கா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். சங்கத்தில் எழுத்து வேலை முழுவதும் அவளுடையது. அவளுக்கும் சேருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது. மலையே அறிந்த ரகசியம் அது. தைப்பொங்கல் முடிந்ததும் ஸ்டோர் மாமா பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தார். அவர் சும்மா இருக்கிற ஆளா? ஸ்டோரிலும் கடையிலும் கோயிலிலும் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். எங்கள் அப்பாவிடம் மட்டும் இன்னும் முறையாகச் சொல்லவில்லை.

அப்பாவின் நிலைமை எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அம்மாவின் தம்பி பூண்டுலோயாவில் சில்லறைக் கடை வைத்திருந்தார். அக்கா தொட்டிலில் கிடந்தபோதே அவளை அவருக்கு என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டாராம். பூண்டுலோயா மாமாவும் அதை நம்பி, வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தார். இப்போது ஸ்டோர் மாமாவிடம் இல்லை என்றால் சிநேகிதம் போச்சு, ஆமாம் என்றால் அம்மாவின் பிறந்த வீடு போச்சு. அந்த மார்கழி முழுக்க அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார். பல்வலியாக்கும் என்று நான் நினைத்தேன்.

அந்த மாதம்தான் சங்கத்தில் வரைபடம் மாட்டினார்கள். நாலு பெரிய அட்டைகளை ஒட்டி, சேர் தமிழ்நாட்டை வரைந்திருந்தார். காவிரிக்கு நீலம் தீட்டியது அக்கா. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் முன்னோர் எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஊர்ப்பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் சின்னக் காகிதக் கொடியில் எழுதி, குண்டூசியால் அந்த இடத்தில் குத்துவார்கள். அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். மணப்பாறையில் குத்தினால் ஒரு கைதட்டல், நாமக்கல்லில் குத்தினால் ஒரு கைதட்டல். ஊர் தெரியாத ஒரு அம்மா அழுதுவிட்டார், அவருக்காகக் கடலுக்குள் ஒரு கொடி குத்தினார்கள்.

ஸ்டோர் மாமா முதல் ஆளாகவே குத்திவிட்டார். முசிறிப் பக்கம் ஒரு ஊர், குலதெய்வம் ஒண்டிக்கருப்பு. அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், இங்கே தங்கியது இவர் ஒருவர்தான். குத்திய பிறகும் வரைபடத்தின் பக்கத்திலேயே நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் "முசிறியா? முசிறியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் முசிறி இல்லை.

எங்கள் கொடியை அக்கா முன்னமே எழுதி வைத்திருந்தாள். துறையூர், பச்சையம்மன். அது எனக்கே மனப்பாடம். சிவராத்திரிக்குப் பச்சையம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து, "தொறையூர்த் தாயே" என்று அப்பா விழுந்து கும்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அப்பா எழுந்து போனார். அக்கா கொடியை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது இல்லீங்க சேர். வேற எழுதுங்க. முசிறி. ஒண்டிக்கருப்பு."

சேர் பேனாவைப் பிடித்தபடியே அப்பாவைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"வீட்ல தொறையூர்னு..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"புள்ளைக்கு என்ன தெரியும்? எங்கப்பன் சாவக்குள்ள என்னயக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னது. எழுதுங்க சேர். சொன்னதச் சொன்னபடி எழுதணும்னு நீங்கதான சொன்னீங்க?"

நான் அம்மாவின் சேலையை இழுத்து, "நம்ம சாமி பச்சையம்மால்ல?" என்றேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அம்மாடி, அந்தக் கிள்ளு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னதற்குக் கிள்ளு எதற்கு என்று இவளிடம் போய்க் கேட்க முடியுமா? அம்மா தலையைக் குனிந்து பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேர் எழுதவில்லை. பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. அதற்குள் ஸ்டோர் மாமா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

"அடப்பாவி! முசிறியாய்யா நீ? ஒண்டிக்கருப்பா? இத்தன வருசமா ஒன்னா வேல செஞ்சும் ஒரு வார்த்த சொல்லலியே! எம் பங்காளிய்யா நீ!" என்று அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஊரும் ஒன்று, குலதெய்வமும் ஒன்று என்றால் பங்காளிதானே. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிள்ளைக்காம்பரா முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. "எழுதுடா, எழுது! ஒஞ் சித்தப்பன்டா இது!" என்று மகனைப் பார்த்துக் கத்தினார். சேர் எழுதினார். நானும் கை தட்டினேன், எல்லோரும் தட்டினார்களே.

ஸ்டோர் மாமாவுக்கு அந்தச் சந்தோஷத்தில் தான் எதை இழந்தோம் என்பது மறுநாள் காலையில்தான் உறைத்ததாம். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாணப் பேச்சே கிடையாது. ஸ்டோரில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேள பங்காளி, பெரிய பாவம் நடக்கப் பாத்துச்சு. சாமிதான் காப்பாத்துச்சு" என்றாராம்.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எல்லாம் மாறிப்போயின. ஸ்டோர் மாமாவை இனிப் பெரியப்பா என்று கூப்பிடச் சொன்னார்கள். நேற்றுவரை மாமாவாக இருந்தவர் ஒரே நாளில் எப்படிப் பெரியப்பா ஆனார் என்று குழம்பினேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் மாற்றிக் கூப்பிட்டு அம்மாவிடம் குட்டு வாங்கினேன். பெரியப்பா ஒரு சிவப்புச் சேவலோடு வந்தார். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒண்டிக்கருப்புக்குப் படைத்தோம். பச்சையம்மாவுக்குக் கோபம் வராதா என்று எனக்கு ஒரே பயம். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. பெரியப்பா போன பிறகு, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இனிமே நான் அவர என்னன்னு கூப்பிடணும்?"

அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"அண்ணன்னு" என்றார்.

எனக்கோ, ஐயோ, தலைகால் புரியாத சந்தோஷம்! எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒன்றுக்கு இரண்டாக அண்ணன்மார் இருக்க, எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்பது என் பெரிய மனக்குறை. இப்போது அண்ணன், அதுவும் ஆசிரியர் அண்ணன்! ஆனால் புது அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. சங்கத்துக்கு அக்காவும் போகவில்லை. கிடைத்தற்கரிய அண்ணன் கிடைத்த பிறகும் இவள் எதற்காகத் தலையணையை நனைக்கிறாள் என்று எனக்கு அவள்மேல் எரிச்சலாகக்கூட இருந்தது.

இன்றைக்கு அந்தச் சங்கத்துக்கு நான் செயலாளர். வரைபடத்துக்குக் கண்ணாடி போட்டுவிட்டோம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து, முசிறியில் அருகருகே நிற்கும் இரண்டு கொடிகளையும் படம் பிடித்துப் போகிறார்கள். பிரிந்த பங்காளிகள் சேர்ந்த கதையைப் பெரியப்பா கடைசிவரை வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறோம். அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நல்லவர் என்று சொல்லவும் வரவில்லை. பெரியப்பா படுத்த படுக்கையானபோது கூடப்பிறந்தவன் மாதிரி இருந்து பார்த்தது அப்பாதான். அது பாசமா, பயமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அக்காவின் கல்யாணம் வைகாசியில், தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடந்தது. பூண்டுலோயா மாமா பட்டு வேட்டியில் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம், அவருக்கும் ஒன்றும் தெரியாது. தாலி கட்டி முடிந்து, ஐயர் சுளகில் பொரியை எடுத்து வைத்துக்கொண்டு, "பொண்ணோட சகோதரன் வாங்கோ, பொரி போடணும்" என்று கூப்பிட்டார். அப்பா அங்கும் இங்கும் பார்த்தார். பெரியப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு, "எங்க வீட்டுப் பய இருக்கான்ல! போடா!" என்று மகனை முன்னால் தள்ளினார்.

அண்ணன் வந்தார். அக்கா இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள், கீழே மாமா தாங்கிப் பிடித்திருந்தார். அண்ணன் அள்ளிப் போட்ட பொரியில் பாதிதான் கைக்குள் விழுந்தது, மீதி அக்காவின் மடியிலும் தரையிலும் சிந்தியது. "பாத்துப் போடுங்கோ" என்றார் ஐயர். இரண்டாம் தரமும் சிந்தியது. மூன்றாம் தரம் அள்ளிய கையோடு நின்றுவிட்டார், அவர் முகமெல்லாம் கண்ணீர். அக்கா நிமிரவே இல்லை, அவளுடைய கண்ணீர் நேரே பொரியில் விழுந்தது. "கூடப்பொறந்தவன்கூட இப்படி அழ மாட்டான்டியம்மா" என்று யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். மண்டபத்தில் பாதிப்பேர் அழுதார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்களுக்குப் பழக்கமில்லாத, பூண்டுலோயாவிலிருந்து வந்த ஒரு சிறுமி பக்கத்தில் நின்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்து, அழுதுகொண்டிருந்தவரைக் காட்டிச் சொன்னேன்.

"பாத்தியா? அது எங்க அண்ணன்."